மைனா சொன்ன விலை

ஒரு காட்டில் ஒரு மைனா இருந்தது. அது அதனுடைய சொந்தக் காடு இல்லை, குழந்தைகளே. அதன் கூடும் துணையும் கடலுக்கு அக்கரையில் இருந்தன. அங்கே மழை பொய்த்துப் போனதால், பிழைப்புத் தேடி ஒரு கூட்டத்தோடு பறந்து வந்திருந்தது. காற்று திரும்பியதும் கூட்டம் ஊருக்குக் கிளம்பும். அதற்குள் கடலைத் தாண்டும் அளவுக்குத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். தேறாத பறவை பாதிக் கடலில் விழும்.

வந்து தங்கியவர்களுக்கு அந்தக் காட்டில் மரம் கிடையாது. ஒவ்வோர் அத்தி மரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஆற்றோரத்துப் பட்ட மரத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காரத்தான் முடியும், தின்ன அதில் ஒன்றும் இருக்காது.

மைனாவிடம் இருந்த ஒரே சரக்கு அதன் பேச்சுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பெரிய சந்தை கூடும். பல காட்டு வியாபாரிகளும் அங்கே வருவார்கள். கொடுக்கல் வாங்கல் எல்லாம் துறைப்பேச்சு என்ற மொழியில்தான் நடக்கும். மைனாவுக்கு அது தாய்மொழி. இந்தக் காட்டு வியாபாரிகளுக்கோ அது நாக்கில் ஒட்டவே இல்லை. ஆகவே மைனா வீடு வீடாகப் பறந்து போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது.

முதலில் சேர்ந்தது தேன் விற்கும் கரடி.

"கூலி எவ்ளோ டீச்சரம்மா?" என்று கேட்டது.

ஊர் புதிது. விலை கேட்க மைனாவுக்குக் கூச்சமாக இருந்தது. "பாத்துக் குடுங்க" என்றது.

கரடி பார்த்தது. ஒரு பாடத்துக்கு ஐந்து அத்திப்பழம் கொடுத்தது.

அதில் இரண்டு பழத்தின் வலு, குகைக்குப் போய்வரும் பறத்தலிலேயே கரைந்துவிடும். சில நாள் குகை காலியாகக் கிடக்கும். மறுநாள் கேட்டால், "திடீர்னு வெளிய கெளம்ப வேண்டியதாப் போச்சு, தப்பா நெனக்காதீங்க" என்று கரடி சொல்லும். நடக்காத பாடத்துக்குப் பழம் கேட்க மைனாவுக்கு வாய் வராது. பறந்தது பறந்ததுதான்.

அடுத்து வந்து சேர்ந்தது நரி. அது வயல் நண்டு பிடித்து விற்கும் கெட்டிக்காரப் பேர்வழி. அதற்கு வேண்டியதெல்லாம் பேரம் பேசும் வித்தை மட்டும்தான்.

"டீச்சரம்மா, சும்மா மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போவுது? நெசமாவே பேசிப் பாத்தாத்தான் வரும். நான் வாங்க வந்தவன். நீங்க விக்கிறவங்க."

"சரி. நான் எதை விக்கிறேன்?"

"வேற எதுக்குப் போவானேன்? உங்க பாடக்கூலியவே வெச்சுக்குவோம்."

காலையிலிருந்து வீடு வீடாக அலைந்த களைப்பில் மைனாவுக்கு அதில் சூது எதுவும் தெரியவில்லை. "ஒரு பாடத்துக்கு அஞ்சு பழம்" என்று துறைப்பேச்சில் தொடங்கியது.

நரி உடனே பெருமூச்சு விட்டது.

"உடனே விடக்கூடாது" என்று மைனா திருத்தியது. "வெலையக் கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா நிக்கணும். அப்புறம்தான் மூச்சு."

நரி சும்மா நின்றது. பிறகு பெருமூச்சு விட்டது.

"நல்லாருக்கு. இப்ப ஒடம்பப் பாதி திருப்பிக்கோங்க, போகப் போற மாதிரி. முழுசாத் திரும்பாதீங்க."

நரி பாதி திரும்பியது. "பக்கத்துக் காட்டுல ரெண்டு பழத்துக்கே சொல்லிக் குடுக்கறாங்களாமே" என்றது, துறைப்பேச்சில், ஒரு பிசிறும் இல்லாமல்.

மைனாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பல நாள் கழித்து ஒரு பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்கிறதே! சந்தைக்காரர்கள் இறங்கி வருவது போலவே தானும் இறங்கி, "சரி போ, மூணு" என்றது.

நரி ஓர் இலையைப் பறித்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மைனாவின் காலடியில் வைத்தது. அந்தக் காட்டில் இலையைக் கிழித்தால் விலை முடிந்தது என்று அர்த்தம். பருவம் முடியும்வரை அதை மாற்றக் கூடாது.

"இது பாடந்தானே?" என்றது மைனா.

"பாடந்தான். ரொம்ப நல்லா நடத்துனீங்க" என்றது நரி.

இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மைனா. மறுநாளே கரடி, "நரிக்கு மூணு, எனக்கு அஞ்சா? நான் என்ன இளிச்சவாயனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கிழங்கு விற்கும் முள்ளம்பன்றியும் மூன்றுக்கே சேர்ந்தது. சேர்ந்ததோடு, "கொசுறா நாலு வார்த்த சேத்துச் சொல்லுங்க" என்று தினமும் பாடம் முடிந்த பிறகும் பிடித்து வைத்துக்கொண்டது.

பேருக்கு ஒன்றும் குறைவில்லை. போகிற இடமெல்லாம் டீச்சரம்மா, டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். ஆனால் தின்றது பறந்ததற்கே சரியாகப் போயிற்று. மைனாவின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

ஒருநாள் காலையில் காற்று லேசாகத் திசை மாறி வீசியது. மைனா தன் வலுவைச் சோதிக்க ஆற்றைக் கடந்து பறந்து பார்த்தது. அதற்கே மூச்சு வாங்கியது. ஆற்றுக்கே இந்தப் பாடு என்றால் கடலை எங்கே தாண்டுவது? அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் வலு வேண்டுமே. அன்று யார் வீட்டுக்கும் போகாமல் பட்ட மரத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

அப்போது நரி சந்தையிலிருந்து வந்தது. முகம் தொங்கிப் போயிருந்தது. அன்று கூடை நிறைய நண்டு கொண்டுபோயிருந்ததாம். வாங்க வந்தது ஒரு மலைக்கீரி.

"நான் வெலையச் சொன்னேன். கீரி சும்மா நின்னான். அப்புறம் பெருமூச்சு விட்டான். ஒடம்பப் பாதி திருப்பினான்" என்றது நரி. "எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வித்ததான். ஆனா அவன் பண்ணயில எனக்குப் படபடன்னு வந்துருச்சு. நானா கொறச்சேன். மறுபடியும் கொறச்சேன். கடசில கூடையையும் சேத்துக் குடுத்துட்டு வந்துட்டேன்."

நரி மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"வாங்கக் கத்துக் குடுத்தீங்க. விக்கக் கத்துக் குடுக்கலயே, டீச்சரம்மா."

"அதக் கத்துக் குடுக்கணும்னா மொதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றது மைனா.

சலிப்பில்தான் அப்படிச் சொன்னது. சொன்ன பிறகே அதன் உண்மை உறைத்தது. அன்று நரி பெருமூச்சு விட்டபோது தான் என்ன செய்தோம் என்று மைனா யோசித்தது. பேசினோம். பேசாமல் இருக்கத் தெரியாமல் பேசிப் பேசியே இறங்கினோம். மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சரி, சொல்லித் தரேன். பாடத்துக்குப் பத்துப் பழம். இந்த மரத்தடியிலதான். நான் பறந்து வரமாட்டேன். நீங்க வராத நாளுக்கும் பழம் வந்துரணும்."

"மூணுன்னு எல கிழிச்சிருக்கோமே!"

"அது வாங்கற பாடத்துக்கு. இது விக்கிற பாடம்."

நரி கொஞ்சம் சும்மா நின்றது. பிறகு பெருமூச்சு விட்டது. உடம்பைப் பாதி திருப்பிக்கொண்டு, "பக்கத்துக் காட்டுல..." என்று இழுத்தது.

எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக விழுந்தன. மைனாவுக்கு, நல்லாருக்கு என்று சொல்ல நாக்கு துடித்தது. சரி போ, ஏழு என்றும் துடித்தது. அது அலகை இறுக்கிக்கொண்டது.

நரி முழுதாகவே திரும்பியது. நடந்தது.  இது போய்விட்டால் கிடைக்கிற மூன்றும் போய்விடும். அப்படியும் அது அலகைத் திறக்கவில்லை. ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

புதர் வரைக்கும் போன நரி நின்றது. திரும்பி வந்தது. ஓர் இலையைப் பறித்து இரண்டாகக் கிழித்தது.

"பத்தே வெச்சுக்குங்க. பாடத்த ஆரம்பிங்க."

"பாடம் முடிஞ்சுது" என்றது மைனா. "நீங்க திரும்பிப் போகையில நான் என்ன பண்ணேன்னு யோசிச்சுப் பாருங்க. அதுதான் பாடம். பழத்தக் கொண்டாந்து வெச்சுருங்க."

 நரி போய்ப் பழத்தைக் கொண்டுவந்து வைத்தது.

கரடிக்கும் விற்பதுதானே பிழைப்பு? அதுவும் முனகிக்கொண்டே பழத்தோடு மரத்தடிக்கு வந்தது. முள்ளம்பன்றி கொசுறு கேட்டுப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் வருவதை நிறுத்திக்கொண்டது. மைனா அதைப் போய்க் கூப்பிடவில்லை. தின்றது, தூங்கியது, மறுபடியும் தின்றது.

காற்று முழுதாகத் திரும்பிய காலையில் கூட்டம் ஆற்றுக்கு மேலே வட்டமிட்டுக் கூப்பிட்டது. ஒரு பருவத்துக் களைப்பு நாலு நாள் தீனியில் தீர்ந்துவிடாது. மைனாவுக்கு உடம்பெல்லாம் இன்னும் வலித்தது. ஆனாலும் இறக்கையை விரித்தபோது அது மேலே எழும்பியது. கடலைப் பார்த்துப் பறந்தது.

நீதி: உன் உழைப்பின் விலையை நீயே சொல், சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்.