டி டிரைவ்ல வச்ச கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு கல்யாண வீடியோ கடை. கடைக்காரி பேரு செண்பகம். கேமராக்காரன் கொண்டு வர்றதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேத்துக் குடுப்பா. ம் சொல்லு.

"ம்."

அந்தக் கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்து, டொர்ர்ர், டொர்ர்ர்னு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. அப்போ ரிப்பேர் கடை அந்தோணி ஒரு பென்டிரைவைக் குடுத்தாரு. "விண்டோஸை எடுத்துட்டு இந்த லினக்ஸைப் போட்டுக்கம்மா, வைரஸ் அண்டாது. படம் காட்டிக் கேக்கும், பதில் சொன்னாப் போதும். கறுப்புத் திரையில டைப் அடிக்கிற வழியும் இருக்கு, அது உனக்கு வேண்டாம்."

"அது பக்கமே நான் போகமாட்டேண்ணா."

அன்னிக்கு அவகிட்ட மயில்சாமி மக கல்யாண வீடியோ இருந்துச்சு. மயில்சாமி மஸ்கட்ல லாரி டிரைவர், லீவு கெடைக்கல. மக கல்யாணத்தை அவரு பாக்கணும்னா இந்த வீடியோவுலதான். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சாச்சு. இருந்தாலும் செண்பகம் பயப்படல, வீடியோவை டி டிரைவ்லதான் வைப்பா. கம்ப்யூட்டரை அழிச்சு ஃபார்மேட் பண்ணா சி டிரைவ்தான் போகும், டி-ல வச்சது பத்திரம்னு அந்தத் தெருவே சொல்லும்.

அப்புறம் பென்டிரைவைச் சொருகினா. பளிச்சுன்னு ஒரு திரை. என்ன மொழின்னு கேட்டுச்சு. க்ளிக். எந்த ஊருன்னு கேட்டு, தானே கொல்கத்தான்னு போட்டுக்கிச்சு. இருந்துட்டுப் போகட்டும், க்ளிக். மூணாவதா, டிஸ்க்கை அழிச்சுட்டுப் போடவான்னு கேட்டுச்சு. சி-யைத்தானே கேக்குதுன்னு, க்ளிக்.

எல்லாம் முடிஞ்சு தேடினா, டி இல்ல. இன்னொரு தடவை தேடினா. இல்ல. அந்தோணிக்குப் போன் போட்டா.

"அண்ணா, டி-யைக் காணோம்."

"நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். எதையும் சேவ் பண்ணாத. பென்டிரைவ்ல இருந்தே திரும்ப ஆன் பண்ணு. கறுப்புத் திரையைத் திற, எழுத்தெழுத்தாச் சொல்றேன்." தூங்கிட்டியா?

"ம்ஹும்."

டக், டக், டக்குன்னு அடிச்சா. மொத வரிக்கு, மெஷின்ல ஒரே ஒரு டிஸ்க்னு காட்டுச்சு.

"ரெண்டு இருந்துச்சேண்ணா."

"ஒண்ணுதாம்மா. நடுவுல கோடு போட்டு சி, டி-ன்னு பேரு வச்சிருந்தோம். நீ கோட்டையும் சேத்து அழிச்சிட்ட."

பத்து வருஷமா ஒரே பெட்டியைத்தான் ரெண்டுன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கா.

ரெண்டாவது வரிக்கு, பழைய கோட்டைத் தேடுச்சு. தேடுச்சு, தேடுச்சு, தேடிக் கண்டுபிடிச்சுது. மூணாவது வரிக்கு, ஃபைல் பேரெல்லாம் சரசரன்னு கொட்டுச்சு. மாப்பிள்ளை அழைப்பு இருக்கு, பந்தி இருக்கு. தாலி கட்டறது மட்டும் இல்ல. பாட்டுச் சேக்கலாம்னு அதை மட்டும் கட் பண்ணி டெஸ்க்டாப்ல வச்சிருந்தா. டெஸ்க்டாப் சி-யில இருந்தது. அது மேலயே லினக்ஸ் உக்காந்துடுச்சு.

அப்புறம் மஸ்கட்ல இருக்கிற மயில்சாமிக்குப் போன் போட்டா.

"அண்ணா, தாலி கட்டற எடம் என் கைத்தப்புல போயிடுச்சுங்க. மத்ததெல்லாம் இருக்குதுங்க."

அந்தப் பக்கம் லாரி இன்ஜின் உர்ர்ருன்னு ஓடிச்சு. பட்டுன்னு நின்னுச்சு. திட்டட்டும்னு கண்ணை மூடிக்கிட்டா.

"புள்ள சாப்பிடறது இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா. மாப்பிள்ளைக்கு ஊட்டி விடறா."

"அதை வெட்டாம அனுப்பு, கண்ணு."

கதை அத்தோட நின்னுடுச்சு. போர்வையை இழுத்துக்கோ, தூங்கு.