பிறைசூடி வீட்டுக் கிளிகள்

வேங்கைமலை அரசர் மகுடநாதரின் சபையில் பிறைசூடி என்றொருவர் இருந்தார். வாள் பிடிக்கத் தெரியாது, கணக்குப் பார்க்கத் தெரியாது, குதிரையைக் கண்டால் வேலியோரமாக ஒதுங்கி நடப்பார். வாய் ஒன்றுதான் சொத்து. "மாட்டிவிடுவதும் இந்த வாய்தான், மீட்டுவிடுவதும் இந்த வாய்தான். நான் சும்மா கூடப் போய் வருகிறேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் அரசருக்குக் கிளி ஆசை வந்தது. இளவரசியைப் பெண் கேட்டுச் செம்மண்நாட்டிலிருந்து தூதர் வரப்போகிறார். கொலுமண்டபத்தில் ஒரு கிளி இருந்து 'வாங்க வாங்க' என்றால் எவ்வளவு கௌரவம்! பகலில் கிளி மண்டபத்தில், பொழுது சாய்ந்தால் அந்தப்புரத்தில் என்று ஏற்பாடு.

வேடன் மூன்று கூண்டு கொண்டுவந்தான். ஒன்றில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட பெரிய கிளி. அது பெரிய ராணிக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்றில் கழுத்தில் வளையம் போட்ட செந்தார்க்கிளி. அது சின்ன ராணிக்கு. மூன்றாவதில் உள்ளங்கை அளவு மலைக்கிளி, வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அரசருக்கு இரண்டு ராணிகளிடமும் பயம். பயந்த அரசர் என்ன செய்வார்? கைகாட்ட ஓர் ஆளைத் தேடுவார்.

"பிறைசூடி, எந்தக் கிளி என்று நீரே சொல்லும். தப்பாகச் சொன்னால் அரண்மனை கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்."

அன்று மாலைக்குள் இரண்டு ராணிகளிடமிருந்தும் தனித்தனியே ஆள் வந்துவிட்டது. என் கிளியைச் சொல்லாவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் இரண்டு சேதியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"கிளியை வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்காமல் குணம் சொல்ல முடியாது மகாராஜா" என்று தவணை வாங்கி மூன்று கூண்டையும் வீட்டுக்குத் தூக்கிவந்தார். தூதர் வருவதற்குள் ஏதாவதொரு கிளி பறந்துவிடாதா, இல்லாவிட்டால் நானாவது பறந்துவிட மாட்டேனா என்று கணக்குப் போட்டார். இரண்டும் நடக்கவில்லை.

பிறைசூடியிடம் ஒரு பழக்கம் இருந்தது. சபையில் கைகட்டி நிற்பவர், வீட்டுக்கு வந்தால் சிங்கமாகிவிடுவார். தலைப்பாகையைக்கூட எடுக்காமல் கூடத்தில் உலாவியபடி மனைவி வடிவாம்பாளிடம் அன்றைய வீரத்தையெல்லாம் அளப்பார். புத்திசாலி பாருங்கள், கூண்டுகளையும் அதே கூடத்தில்தான் மாட்டியிருந்தார்.

தவணை முடிந்தது. சபை கூடியது. இரண்டு ராணிகளும் வந்து உட்கார்ந்தார்கள். கூண்டுகளின் துணியை விலக்கியதும் பெரிய கிளி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, பிறைசூடியின் குரலிலேயே பேசியது.

"ராஜாவுக்கு என்ன தெரியும்? மீசை முறுக்கத் தெரியும். ராஜ்யம் ஓடுறது என் மூளையில, வடிவு."

மீசைக்குப் போன அரசரின் கை பாதியில் நின்றது.

செந்தார்க்கிளி வடிவாம்பாளின் குரலில் பதில் சொன்னது. "மூளை கெடக்கட்டும். தலைப்பாகைய எடுத்து ஆணியில மாட்டுங்க."

வாழ்நாளில் முதல்முறையாகப் பிறைசூடியின் வாய் பேசவில்லை. அவருக்காகக் கிளிதான் பேசிக்கொண்டிருந்தது.

"யார் குரல் ஐயா அது?" என்றார் அரசர்.

"என்னுடையதுதான் மகாராஜா. இல்லை என்று புளுகினால் அதையும் கற்றுக்கொண்டுவிடும்."

"எல்லை வரைக்கும் நடக்கத் தயாரா?"

"நடக்கிறேன். வாய்க்கொழுப்புக்கு அதுவே சரி. ஆனால் ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது செம்மண்நாட்டு அரசரைப் பற்றி மகாராஜா என்ன சொன்னீர்கள்?"

அரசர் திடுக்கிட்டார். அவர் சொன்னது 'சம்பந்தி பூசணிக்காய்' என்று. அதற்குப் பெரிய ராணி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

"உமக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் வேண்டாம். என் வீட்டில் கொஞ்ச நாள் இருந்த கிளியே என்னை ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சாயங்காலம் அந்தப்புரத்தில் கேட்டதை, காலையில் தூதரிடம் இது சொன்னால் இளவரசி கல்யாணம் என்ன ஆகும்?"

அரசர் பெரிய ராணியைப் பார்த்தார். பெரிய ராணி, சின்ன ராணியைப் பற்றித் தான் தினமும் சொல்வதை நினைத்துக்கொண்டார். சின்ன ராணிக்கும் ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். "எனக்கு அந்தக் கிளி வேண்டாம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

"அப்படியானால் எதைத்தான் வைப்பது?"

பிறைசூடி மூன்றாவது கூண்டைக் காட்டினார். மலைக்கிளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "என் பீற்றலை இதுவும்தான் நாள் தவறாமல் கேட்டது. ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அரண்மனையில் பிழைக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். எனக்கே இது குரு."

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் பிறைசூடியின் கழுத்தில் போட்டார். பிறகு மீசையை முறுக்கிக்கொண்டே, "மற்ற இரண்டையும் உமக்கே கொடுத்தேன். கல்யாணம் முடிந்ததும் சபைக்குக் கொண்டுவாரும். ராஜ்யம் எப்படி ஓடுகிறது என்று நாமும் கேட்போம்" என்றார்.

பிறைசூடி அதற்குமேல் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் திறக்கவில்லை.

இளவரசி கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பூசணிக்காய் சம்பந்தியும் வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் கூண்டுகள் சபைக்கு வந்தன. அரசர் ஆசையோடு முன்னால் குனிந்தார்.

செந்தார்க்கிளி வடிவாம்பாளின் குரலில் கேட்டது. "ஏங்க, பேசவே மாட்டேங்கறீங்க? உடம்புக்கு என்ன?"

பெரிய கிளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பிறைசூடியின் குரலில் கிசுகிசுத்தது.

"உஷ்... கிளி இருக்கு."