அனுமதி மறுக்கப்பட்ட யானை

ஒரு புதிர் போடுகிறேன். வீடு உங்களுடையது. வீட்டில் இருக்கும் கணினியும் உங்களுடையது. அதிலுள்ள விளையாட்டுக்குள் நீங்களே செய்த ஒரு யானையை வைக்கப் போகிறீர்கள். “உங்களுக்கு அனுமதி இல்லை” என்கிறது கணினி. தடுத்தது யார்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். வாகையூர் அரசர் செங்கோடருக்கும் விடை தெரியவில்லை.

அரசரின் மகள் இளவெயினிக்கு ஒன்பது வயது. கணினியில் நகரம் கட்டும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தாள். அந்த நகரத்தில் நாய், பூனை, குதிரை எல்லாம் உண்டு. யானை கிடையாது. அதனால் மூன்று வாரம் உட்கார்ந்து அவளே ஒரு யானை செய்தாள். நாம் செய்ததை விளையாட்டுக்குள் சேர்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அரசவை விகடர் எல்லப்பன் அதற்குப் புதிய பதிப்பு ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து யானை உள்ளே போகவில்லை. இளவெயினி சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அரசர் வந்து திரையைப் பார்த்தார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று இருந்தது.

“என் அரண்மனையில், என் மகளுக்கு, என்னைக் கேட்காமல் அனுமதி மறுத்தவன் எவன்?”

கணினியைக் கைது செய்யச் சொன்னார். நான்கு வீரர்கள் வேலோடு வந்து அதைச் சுற்றி நின்றார்கள். திரையில் எதுவும் மாறவில்லை.

மந்திரி உத்தண்டருக்கு எல்லப்பனைப் பிடிக்காது. “நன்றாக ஓடியதைக் கெடுத்தது எல்லப்பன்தான், அரசே. நான் சரிசெய்கிறேன். நிர்வாகி என்ற பெயரில் இயக்கினால் போதும்” என்றார்.

நிர்வாகியின் கடவுச்சொல் அரசருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்து தட்டினார். யானை உள்ளே போனது. அரசர் சபைக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்பா! யானைக்கு வால் வைக்கணும். கடவுச்சொல்!”

அரசர் எழுந்து போனார்.

“அப்பா! தும்பிக்கை தரையில இடிக்குது. கடவுச்சொல்!”

மதியத்துக்குள் பதினேழு முறை ஆயிற்று. பக்கத்து நாட்டுத் தூதர் ஒரே வாக்கியத்தை நான்காவது முறையாகத் தொடங்கினார். அரசர் பொறுமை இழந்தார்.

“சாயங்காலத்துக்குள் இதற்கு ஒரு வழி பண்ணுங்கள். இல்லையென்றால் விளையாட்டையே அழித்துவிடுவேன். யானையையும் சேர்த்து!”

உள்ளே இளவெயினி அழும் சத்தம் கேட்டது.

“சுலபமான வழி இருக்கிறது, அரசே” என்றார் உத்தண்டர். “எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடலாம்.”

“அதுதான் சரி! என் வீட்டில் யாருக்கும் எங்கும் தடை இருக்கக் கூடாது. எல்லப்பா, உடனே நிறைவேற்று!”

“உத்தரவு, அரசே. எழுத்தில் கொடுத்தால் நல்லது.”

அரசர் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். எல்லப்பன் கணினிப் பக்கம் போகவில்லை. அரண்மனை வாசலுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து அரசர் சற்று ஓய்வெடுக்கப் படுக்கையறைக்குப் போனார். கட்டிலில் தயிர்க்காரர் காத்தமுத்து படுத்திருந்தார். குளியல் தொட்டியில் இரண்டு எருமைகள் இருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் அரசரின் பட்டு வேட்டியை இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, “அகலம் பத்தலையே” என்றார்.

உத்தண்டர் ஓடி வந்தார். “அரசே, யாரோ என் மேசையில் உட்கார்ந்து என் கடிதங்களைத் திருத்துகிறான்!”

“எல்லப்பா! இவர்களை உள்ளே விட்டது யார்?”

எல்லப்பன் ஓலையை நீட்டினார். “தாங்கள்தான், அரசே. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.”

“நான் சொன்னது கணினியை!”

“அங்கேயும் இதேதான் நடக்கும், அரசே. எருமை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

காத்தமுத்து புரண்டு படுத்தார்.

“அப்படியானால் என் மகளைத் தடுத்தது யார்?”

“கணினியின் கஜானாக் காவல், அரசே. நிர்வாகி மட்டுமே மாற்றக்கூடிய பூட்டிய ஃபோல்டர்தான் அந்தக் கஜானா. பழைய பதிப்பு இளவரசியின் சொந்த ஃபோல்டரில் இருந்தது. புதியதை ஏற்றும்போது ‘எங்கே வைக்கட்டும்?’ என்று கேட்டது. நான் படிக்காமல் ‘சரி’யை அழுத்தி, தங்களையும் கடவுச்சொல் தட்டச் சொன்னேன். அது நேராகக் கஜானாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தவறு என்னுடையதுதான். கஜானாவுக்குள் யானை கட்ட யாரையும் விட மாட்டார்கள்.”

“இப்போது கஜானாவைத் திறக்கப் போகிறாயா?”

“வேண்டாம். யானையை வெளியே கொண்டுவந்தால் போதும்.”

எல்லப்பன் விளையாட்டை மூடினார். மென்பொருளையும் மூடினார். இளவெயினி செய்தவை எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தார். கஜானாவுக்கு வெளியே புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, மென்பொருளையும் யானையையும் அங்கே மாற்றினார். இன்னும் உரிமையாளர் என்ற இடத்தில் நிர்வாகியின் பெயரே இருந்தது. அரசரைக் கடைசியாக ஒருமுறை கடவுச்சொல் தட்டச் சொல்லி, அதை எடுத்துவிட்டு ‘இளவெயினி’ என்று போட்டார். உள்ளே இருந்த ஃபோல்டர்களுக்கும் அது பொருந்தும் என்று குறித்தார்.

இளவெயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாலை மாற்றினாள். கணினி யாரையும் கேட்கவில்லை. யானை வாலை ஆட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தது.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லப்பனுக்கு முத்துமாலை கொடுத்தார். எருமைகளை வெளியேற்றும் பொறுப்பை உத்தண்டரிடம் கொடுத்தார். பிறகு மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

“அம்மாடி, அந்தக் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு சிலை வைக்கிறேன். நூறடிதான் இருக்கும். யானையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிடலாம்.”

அவர் தன் பெயரில் நுழைந்து தட்டிப் பார்த்தார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தது.

“எனக்கேவா?”

“ஃபோல்டர் இளவரசியின் பெயரில் இருக்கிறது, அரசே” என்றார் எல்லப்பன்.

“நிர்வாகியாக நுழைந்தால்?”

“நுழையலாம், அரசே. இளவரசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.”

அரசர் மகளைப் பார்த்தார். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“அப்பாவுக்கு அனுமதி கொடேன், கண்ணு.”

“என்னென்ன அனுமதி இருக்கு, மாமா?” என்று எல்லப்பனிடம் கேட்டாள் இளவெயினி.

“பார்க்க மட்டும் கொடுக்கலாம். பார்க்கவும் மாற்றவும் கொடுக்கலாம். ஒன்றுமே கொடுக்காமலும் விடலாம்.”

இளவெயினி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அரசருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாள்.