எல்லோரும் இருக்கும் படம்

சுண்டைக்கோட்டையில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புத்தி நிறையவே உண்டு. எடுத்துச் செலவு பண்ணத்தான் மனசு வராது. அதிலும் அந்த ஊர் போட்டோகிராபர் சங்கம் இருக்கிறதே, அங்கே சிக்கனம் இன்னும் கூடுதல்.

சங்கத்தில் ஒரு வழக்கம். வருஷா வருஷம் சித்திரை மாதம் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழுப்படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த வருஷத்து உறுப்பினர்கள். அவர்களுக்குத்தான் அடையாள அட்டை. அட்டை இல்லாமல் ஊரில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள்ளும் கேமராவோடு நுழைய முடியாது. சரி, படத்தில் நிற்க யாருக்கு உரிமை? உறுப்பினர்களுக்கு மட்டும். இதில் ஏதோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் சுண்டைக்கோட்டைக்காரர் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் உள்ள போட்டோகிராபர் அத்தனை பேரும் படத்தில் நின்றுவிட்டால் படத்தை எடுப்பது யார்? அதற்குத்தான் பெனிட்டா இருந்தார்.

பெனிட்டாவும் போட்டோகிராபர்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே எடுப்பார். கை ஆடாது, கண் பிசகாது. ஊரிலேயே நல்ல படம் எடுப்பவர் அவர்தான் என்று உறுப்பினர்களே வாய் நிறையச் சொல்வார்கள். அதனாலேயே வருஷா வருஷம் அவரைக் கூப்பிட்டுக் குழுப்படம் எடுக்கச் சொல்வார்கள். எடுத்து முடித்ததும் படத்தை உற்றுப் பார்த்து, "அடடா, பெனிட்டா இதுல இல்லையே, பாவம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டு, அட்டை கிடையாது என்று அனுப்பிவிடுவார்கள். அவரும் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரத்தை மண்டபத்து வாசலுக்கு வெளியே இருந்து கேட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். அவருக்கு வேண்டியது அந்த அட்டை ஒன்றுதான்.

இந்த வருஷம் மாவட்டத் தலைவர் அறவாழி நேரிலேயே வந்தார். வந்து, எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"சங்கம்னா எல்லாரையும் அணைச்சுப் போகணும்யா. பலதரப்பட்டவங்க இருக்கணும். ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுங்க. மேடையில எல்லாருக்கும் இடம் வேணும். ஒருத்தரைக்கூட விட்டுடாதீங்க. இதையெல்லாம் ஊர் பார்க்கிற மாதிரி ஒரு விழா எடுத்து, குழுப்படத்தை எனக்கு அனுப்புங்க. அதுல ஒருத்தர் விட்டுப்போயிருந்தாலும் இந்தக் கிளையைக் கலைச்சிடுவேன்."

சொல்லிவிட்டு ஒரு இளநீர் குடித்தார். கார் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கே அவசரக் கூட்டம். தலைவர் தாண்டவராயன் நடுவில் உட்கார்ந்தார். செயலாளர் சேகுனா வலப்பக்கம், துணைத் தலைவர் சூசை இடப்பக்கம். மற்றவர்கள் எதிரே. அத்தனை பேருக்கும் சந்தனக் கலர் சட்டை, அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி முறுக்கு மீசை.

"பலதரப்பட்டவங்க வேணுமாம். நம்மள்ல பெண்கள் யாராவது இருக்கோமா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, விழாச் செய்தி கேள்விப்பட்டு பெனிட்டா வாசலுக்கு வந்தார்.

"வாங்கம்மா பெனிட்டா, நல்ல சமயத்துல வந்தீங்க," என்றார் சேகுனா. "நம்ம ஊர்ல போட்டோ எடுக்கிற பெண் யாராவது இருந்தா சொல்லுங்களேன். தேடித் தேடி அலுத்துப்போச்சு."

"நான் இருக்கேனே சார்."

"நீங்க இருக்கீங்க, அது தெரியாதா எங்களுக்கு? வேற யாராவது?"

"ஏன், நான் போதாதா?"

சூசை பொறுமையாக விளக்கினார். "நீங்க படத்தை எடுக்கிறவங்கம்மா. நமக்கு வேண்டியது படத்துல இருக்கிறவங்க."

பெனிட்டாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஒருத்தரைக்கூட விடக் கூடாதுன்னு மாவட்டத் தலைவர் சொன்னாராமே. அப்ப இந்த வருஷம் நானும் படத்துல உண்டா, இல்லையா?"

தாண்டவராயன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "சொன்னது சொன்னதுதான். உண்டு."

பெனிட்டா கை கூப்பினார். எத்தனை வருஷத்து ஏக்கம்! "ரொம்ப நன்றி சார். அப்ப படத்தை யார் எடுப்பாங்க?"

"இதென்னம்மா கேள்வி? வழக்கம்போல நீங்கதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பலதரப்பட்டவர்கள் வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை என்று சேகுனா கண்டுபிடித்தார். நாளையிலிருந்து அவரவர் தனக்குத் தோன்றியபடி வேறு மாதிரி வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவரவரும் வீட்டுக்குப் போய்ப் பலமாக யோசித்தார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அத்தனை பேரும் மீசையை எடுத்திருந்தார்கள்.

"போச்சு! பழையபடி ஒரே மாதிரி ஆயிட்டோமே!" என்று சூசை அழுதேவிட்டார். மனைவி வீட்டுக்குள் விடவில்லை என்பது அவருடைய தனிக் கவலை.

விழா நகராட்சிக் கலையரங்கத்தில். அங்கே மேடைக்குப் படிகள் மட்டும்தான். பெனிட்டா முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பலகையைச் சாய்ச்சுப் போட்டுக் கொடுத்தா நாற்காலியோட ஏறிடுவேன்," என்றார். நியாயமான கோரிக்கைதானே? சங்கமும் நியாயம் என்றுதான் சொன்னது. ஆனால் சேகுனாவுக்கு ஒரு சந்தேகம்.

"பெனிட்டாவுக்குப் பலகை கொடுத்தா மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்குப் படி இருக்கே சேகுனா பாய்," என்றார் பெனிட்டா.

"படி நகராட்சி கொடுத்ததும்மா. சங்கம் என்ன கொடுத்துச்சு? ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்னுதானே மாவட்டத் தலைவர் சொன்னாரு?"

மறுபேச்சு உண்டா? ஆளுக்கு ஒரு பலகை வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினார்கள். விழா அன்று காலையில் முதலில் வந்தவர்கள் தங்கள் பலகையை நல்ல இடமாகப் பார்த்துச் சாய்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் மிச்ச இடத்தில் சாய்த்தார்கள். மேடையின் மூன்று பக்கமும் பலகையால் அடைந்துபோனது. படிக்கட்டு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கடைசியில் பெனிட்டாவின் பலகை வந்தது. அதை வைக்க விரல் அளவு இடம் இல்லை.

"யாராவது ஒருத்தர் உங்க பலகையை நகர்த்துங்களேன்," என்று பெனிட்டா கெஞ்சினார்.

"நகர்த்தினா எனக்குப் பலகை இல்லைன்னு ஆகுமே! என்னை ஒதுக்கப் பார்க்கிறீங்களா?" என்று அவரவர் பலகை மேல் ஏறி நின்றுகொண்டார்கள். ஏறியவர்களில் பாதிப் பேர் சறுக்கிக் கீழே வந்தார்கள். சறுக்கியவர்கள் மறுபடி ஏறினார்கள். விழா பார்க்க வந்திருந்த ஊர்ச்சனம், இதுதான் முதல் நிகழ்ச்சி போலும் என்று கை தட்டியது.

ஒருவழியாகச் சங்கத்தார் மேடையேறியதும் தாண்டவராயன் மைக்கைப் பிடித்து, "மேடையில எல்லாருக்கும் இடம்! யாரும் கீழ உட்காரக் கூடாது, ஏறி வாங்க!" என்றார். கூட்டம் திபுதிபுவென்று ஏறியது. குழந்தைகள், கடலை விற்பவர், அரங்கத்தைக் கூட்டும் ஆள் எல்லோரும் மேடையில். எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"இப்ப பேச ஆரம்பிக்கலாமா?" என்றார் சேகுனா.

"யார் பேசறது?" என்று தடுத்தார் சூசை. "ஒருத்தர் பேசி மத்தவங்க கேட்டா, பேசறவர் உசத்தி, கேட்கிறவர் மட்டம்னு ஆகாதா?"

ஆகும்தான் என்று எல்லோருக்கும் பட்டது. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில் பேசுவது என்று முடிவாயிற்று. தலைவர் வரவேற்புரை, செயலாளர் நன்றியுரை, சூசை மீசை போன கதை, கடலைக்காரர் கடலை விலை. மேடை அதிர்ந்தது. குழந்தைகள் வீரிட்டு அலறின. வந்த சனம் காதைப் பொத்திக்கொண்டு பலகையில் சறுக்கி இறங்கி, வீட்டைப் பார்த்து ஓடியது. கடலைக்காரரும் கிளம்பிவிட்டார். சங்கத்தார் மட்டும் தொண்டை கட்டும்வரை பேசினார்கள்.

சத்தம் அடங்கியபோதுதான் தாண்டவராயன் கீழே பார்த்தார். காலி அரங்கத்தில் பெனிட்டா ஒருவர் மட்டும் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்.

"அய்யய்யோ! ஒருத்தர் கீழ இருக்காங்களே! விட்டுட்டோமே!"

அவர் நல்ல மனுஷர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணீர் விட்டபடி முதல் ஆளாகக் கீழே சறுக்கினார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். மேடையே வேண்டாம், தரையிலேயே படம் எடுப்போம் என்று வரிசையாகச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். பெனிட்டாவுக்கும் ஒன்று போட்டார்கள்.

"எனக்குத்தான் நாற்காலி இருக்கே சார்," என்றார் அவர்.

"இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒண்ணுன்னா உங்களுக்கும் ஒண்ணு," என்றார் சேகுனா.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெனிட்டா கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, "டைமர் போட்டுட்டு நானும் வந்துடறேன். அதுவே எடுத்துக்கும்," என்றார்.

வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது.

"அதுவே எடுக்குமா? அப்ப நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்? போட்டோகிராபர் சங்கத்துப் படத்தைப் போட்டோகிராபர் எடுக்கலைன்னா ஊர் காறித் துப்பாது?" என்று குதித்தார் சூசை.

"அப்ப நீங்க வந்து எடுங்க. நான் உட்கார்றேன்."

"நான் எடுத்தா நான் விட்டுப்போவேனே!"

"அப்ப யார்தான் சார் எடுக்கிறது?" என்றார் பெனிட்டா. இந்த வருஷமும் கை நழுவிப் போகிறதே என்ற பயம் அவருக்கு.

தாண்டவராயன் கையை உயர்த்தினார். எல்லோரும் அமைதியானார்கள்.

"கேளுங்க. கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இந்தப் பக்கம் மத்தவங்களும் இருக்கிறதாலதானே ஒருத்தர் விட்டுப்போறாங்க? எல்லாரும் ஒரே பக்கம் இருந்தா?"

சேகுனா வாயைப் பிளந்தார். "இது ஏன் இத்தனை வருஷமா நமக்குத் தோணல!"

எல்லோரும் எழுந்து கேமராவுக்குப் பின்னால் வந்து கூடினார்கள். பொத்தான் மேல் பெனிட்டாவின் விரல், அதன்மேல் தலைவர் விரல், அதன்மேல் சேகுனா விரல், சூசை விரல், இப்படியே எட்டியவரை. எட்டாதவர்கள் முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். பெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைவர் "எல்லாரும் சிரிங்க!" என்றார். சிரித்தார்கள். 'க்ளிக்.'

படம் பிரிண்ட் போட்டு வந்தது. சிவப்பு நாற்காலி வரிசை. பின்னால் பலகைகள். வேறொன்றும் இல்லை. அதை மாவட்டத் தலைவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அறவாழி போன் பண்ணினார்.

"தாண்டவராயன், ரொம்ப நேரமாப் பார்த்துட்டேன். இன்னாரை விட்டுட்டீங்கன்னு ஒருத்தரையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியலையே! யாரும் உசத்தியில்ல, யாரும் மட்டமில்ல. இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்ல. நல்லா இருங்க."

கிளை தப்பித்தது. ஆனால் அட்டை? விடிந்தால் முகூர்த்த நாள். வழக்கப்படி படத்தில் இருப்பவர்களுக்குத்தான் அட்டை. தலைவரே படத்தில் இல்லை என்றால் கையெழுத்துப் போடுவது யார்? சங்கமே இடி விழுந்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

பெனிட்டா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். இத்தனை வருஷம் இவர்களிடம் நியாயம் பேசி என்ன கண்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, படத்தைக் கையில் வாங்கினார்.

"சார், நடுவுல கம்பீரமா இருக்கிறது நீங்கதானே?"

தாண்டவராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நடு நாற்காலியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ஆமாம்மா! நல்லாவே விழுந்திருக்கேன்."

"அவர் பக்கத்துல நான்," என்றார் சேகுனா அவசரமாக.

"இதோ ஓரத்துல நான்," என்றார் சூசை. பிறகு அவர் முகம் சுண்டிப்போனது. "எல்லாரும் நல்லா இருக்கீங்க. நான் மட்டும் கண்ணை மூடிட்டேன்."

"மூணாவது நான். கொஞ்சம் நிழல் விழுந்திருக்கு, பரவாயில்ல," என்றார் பெனிட்டா.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நிழல் விழுந்திருப்பது உண்மைதான். மறுக்க முடியுமா? தலைவர் அந்த இடத்திலேயே எல்லோருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை பெனிட்டாவுக்கு. குழுப்படத்திலிருந்து மூன்றாவது நாற்காலியைக் கத்தரித்து அதில் ஒட்டி, சங்கத்து முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பெனிட்டா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனார். உள்ளே நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் வாட்ச்மேன் மறித்தார். பெனிட்டா அட்டையை நீட்டினார்.

வாட்ச்மேன் கண்டிப்பான ஆள். அட்டையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பெனிட்டாவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டு, "ஆள் அப்படியேதாம்மா இருக்கீங்க," என்றார். "நாற்காலியைத்தான் மாத்திட்டீங்க."