ஓடைக்கு அந்தப் பக்கம்

மலையடிவாரச் சங்க அலுவலகத்தில் மாரப்பன் தனியாக இருந்தார். காட்டுரிமைக்காக நான்கு முறை சிறை போனவர். அவரிடம் சட்டம் கற்று வழக்கறிஞரான மாதி, ஒரு மனுவை அவர்முன் வைத்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது.

மலைக்கு வெளியே மணம் முடித்த பெண்ணுக்கு ஊரில் வீடில்லை, காட்டில் பங்கில்லை என்ற ஊர் விதியை ரத்து செய்யக் கோரும் மனு.

"இந்த விதியை எழுதினவனே நான்தான்."

"தெரியும் தோழர். அதனாலதான் வந்தேன்."

"கீழ்நாட்டான் மாப்பிள்ளையா வந்து நிலத்தை எழுதி வாங்கினான். மறிக்க வேற வழி தெரியலை."

"என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறார். மலையை அள்ளிட்டுப் போற ஆளா அவர்?"

"ஏறும்போதே அவனுக்கு மூச்சு வாங்கும்" என்றார் மாரப்பன். "உனக்கு என்ன வேணும்?"

"அம்மா செத்து ஆறு மாசம். ஊர்க்காரங்க வீட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க. அவ நட்ட பலா இந்த வருசம் காய்ச்சிருக்காம். அங்கே போய் இருக்கணும். இருபத்திரண்டு வருசம் வாடகை வீட்டில் படுத்தாச்சு. கண்ணை மூடினா அந்த மண்தரைதான்."

"மனுப் போடு. ஜெயிப்பே."

"ஜெயிச்சா, அதே தீர்ப்பைக் காட்டி எஸ்டேட்காரன் மலை ஏறுவான். தனி ஆள் விற்கலாம், தனி ஆள் வாங்கலாம்பான். அதான் கை வரலை. ஊர் உரிமை பெரிசா, என் உரிமை பெரிசா? சொல்லுங்க."

மாரப்பன் அலமாரியிலிருந்து பழைய தீர்மான நோட்டை எடுத்து விரித்தார்.

"'ஊர் ஒருமனதாக நிறைவேற்றியது.' என் கையெழுத்து. துண்டுப்பிரசுரமா அடிச்சு எட்டு மலைக்கும் கொடுத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. கூட்டம் எங்கே நடந்தது?"

"கூட்டப் பாறையில்."

"பாறைமேல் பெண்கள் ஏறுவாங்களா?"

"வழக்கமில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க."

"அன்னிக்கு அங்கிருந்து உன் அம்மா கையை ஆட்டி ஏதோ கத்தினா. தண்ணிச் சத்தத்தில் கேட்கலை. ஓடையைத் தாண்டிப் போய் நான் விசாரிக்கவும் இல்லை."

மாதி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட அவ சொல்லவே இல்லையே."

மாரப்பன் மனுவின் முதல் பக்கத்தில் 'ஊர் விதியை ரத்து செய்க' என்ற வரியை அடித்தார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

"என்னைச் சாட்சியாப் போடு. ஊரை எதிர்த்து எழுதாதே, மாதி. பெண்களையும் சேர்த்து ஊர் இன்னும் கூடவே இல்லைன்னு எழுது."