தவளை போட்ட பத்து நாள் கணக்கு

கூவளங்குளத்தில் பூவாயி என்றொரு வரித்தலை வாத்து இருந்தாள். அவள் புருஷன் மருதன், பனிமலைக்கு அப்பாலுள்ள வடக்கு ஏரிக்கு முன்னதாகவே பறந்துபோய்விட்டான். கூடு கட்ட நல்ல திட்டு பிடிக்க வேண்டுமே! இறகில் பட்ட காயம் ஆறட்டும் என்று இவள் தங்கிவிட்டாள்.

"பௌர்ணமி வரைக்கும் இடத்தை விடமாட்டேன். அதுக்கப்புறம் கொக்குக் கூட்டத்தோட என்னால மல்லுக்கட்ட முடியாது. இடம் போனா இந்த வருஷம் முட்டையும் இல்ல, குஞ்சும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

காயம் ஆறியபோது பௌர்ணமிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வழிக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்க, தான் அண்ணன் என்று கூப்பிடும் வீரணன் தவளையிடம் பூவாயி போனாள். குளத்தைத் தாண்டி ஒரு வரப்பைக்கூடப் பார்த்ததில்லை அவன். ஆனாலும் ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்வது அவன்தான்.

"முந்நூறு காதம். ஒரு நாளைக்கு நீ முப்பது காதம் பறப்பே. பத்தே நாள்! இன்னும் எட்டு நாள் இருந்துட்டுப் போ தங்கச்சி" என்றான்.

பூவாயிக்கும் அவனை விட்டுப் போக மனசில்லை. சரியென்று இருந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழிந்தது. தங்கச்சிக்கு இளங்கோரைக் கிழங்கு கொண்டுவருகிறேன் என்று வீரணன் காலையில் எதிர்க்கரைக்குக் கிளம்பினான். "போக இருபது தவ்வல், வர இருபது தவ்வல். நீ கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துடுவேன்."

பூவாயி கண்ணை மூடினாள், திறந்தாள். உச்சிவெயில் ஏறியபிறகுதான் அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"ஏண்ணே இவ்வளவு நேரம்?"

"வழியில ஈ பறந்துச்சு, பிடிச்சுத் தின்னேன். சாரைப்பாம்பு போச்சு, இலைக்கடியில பதுங்கினேன். கால் வலிச்சுது, கொஞ்சம் உக்காந்தேன்."

"அதெல்லாம் உன் கணக்குல இருந்துச்சா?"

வீரணன் கையில் இருந்த கிழங்கு கீழே விழுந்தது.

பூவாயி தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் பறந்தால் ஒரு நாள் இரை தேடி இளைப்பாற வேண்டும். அதற்கே நான்கு நாள். எதிர்க்காற்றுக்கு இரண்டு நாள். பறக்கிற பத்து நாளோடு சேர்த்தால் ஆக, பதினாறு. பௌர்ணமிக்கும் பதினாறுதான் இருந்தது.

"இப்பவே கிளம்புறேன் அண்ணே."

"உக்காருறதைக் கணக்குல சேக்கணும்னு எனக்குத் தெரியாதா தங்கச்சி? சேத்தா நீ உடனே போயிடுவியேன்னுதான் விட்டுட்டேன்" என்றான் வீரணன்.

பூவாயி அவன் தலையை அலகால் மெல்லக் கோதினாள். "அடுத்த கார்த்திகைக்கு வருவேன். அதை உன் கணக்குல எழுதிக்கோ" என்றாள். கிழங்கை விழுங்கினாள், பறந்தாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம், நிலா கிளம்பும் நேரத்தில் வடக்கு ஏரியில் இறங்கினாள். கொக்குகளோடு கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போய், திட்டின் நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான் மருதன். அவளைப் பார்த்ததும் மெல்ல ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான்.

ஓடுகிற நேரத்தோடு உட்காருகிற நேரத்தையும் எண்ணிப் புறப்படுகிறவரே சொன்ன நாளில் ஊர் போய்ச் சேருவார்.