திருப்பாத பக்கம்

குரு என்றால் காவி கட்டியிருக்க வேண்டும், சீடன் என்றால் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவின் பெயர் சலேத்மேரி டீச்சர். இயற்பியல் ஆசிரியை. சீடன் இசக்கிராஜ். அவனும் இயற்பியல் வாத்தியார்தான், நாற்பதை நெருங்குகிறான், முன்மண்டையில் முடி கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாடம் எடுத்ததும் டீச்சர்தான். பின்னாளில் பக்கத்தில் உட்கார வைத்து விடைத்தாள் திருத்தப் பழக்கியதும் டீச்சர்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து, அழுகிற வீடுகள் அழுது முடித்திருந்த நேரம். மறுமதிப்பீடு கேட்டு எழுதிப் போட்ட பிள்ளைகளின் விடைத்தாள்கள் திருத்தும் முகாமுக்கு வந்திருந்தன. முதலில் திருத்தியவர் யார் என்று தெரியாதபடி பெயரை மறைத்துக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். இசக்கி திருத்த வேண்டும். மேற்பார்வைக்கு இருக்கும் டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கட்டு வண்டி ஏறியாக வேண்டும்.

கடைசித் தாளில் இசக்கிக்குக் கை நின்றுவிட்டது.

நாலு மார்க்கில் பெயிலான பிள்ளை. துணைத்தேர்வு எழுதித் தேறுவதற்குள் காலேஜ் சீட்டெல்லாம் முடிந்திருக்கும். அதுவரை வீட்டில் வாங்குகிற பேச்சு தனி. ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெயிலாகிற பிள்ளையாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தது. அந்தக் காலிப் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அத்தோடு கூட்டி மார்க் போட்டாகிவிட்டது.

இசக்கி பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கம் முழுக்க எழுத்து. மூன்று விடைகள். ஒரு டிக் இல்லை, ஒரு சுழி இல்லை. யாரும் படிக்கவே இல்லை.

"அடப்பாவமே!" என்றான். திரும்பவும் அந்த இரண்டு புள்ளி கண்ணில் பட்டது.

கோடு போட்டு அடியில் இரண்டு புள்ளி வைக்கிற ஆள் அவனுக்குத் தெரிந்து ஒருத்தர்தான். அவர் எதிர் மேசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலிப் பக்கத்தைக் கண்டால் அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார் என்று புதிதாக வருகிறவர்களைக் குட்டாத குறையாக விரட்டுகிறவரும் அவர்தான். நல்ல கூத்து!

நாலைந்து மார்க் ஏறினால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பத்தைத் தாண்டினால் ஒட்டிய காகிதத்தைப் பிரிப்பார்கள், முதலில் திருத்தியவருக்கு மெமோ போகும். டீச்சருக்கு இந்த மாசக் கடைசியில் ஓய்வு. மெமோ வந்தால் ஓய்வுபெற விடாமல் விசாரணை, விளக்கம் என்று அலையவிடுவார்கள். பாராட்டு விழாவுக்குப் பந்தல்காரரிடம் சொல்லி வைத்திருப்பதே இசக்கிதான்.

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனான்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஒரு பிள்ளை நாலு மார்க்ல பெயிலு. முன்பக்கத்து விடையில இங்க அரை, அங்க அரைன்னு ஏத்துனா பாஸாயிரும். பிள்ளையும் பொழச்சிரும், முதல்ல திருத்துனவங்களுக்கும் தலைவலி இல்ல. அது தப்பா டீச்சர்?"

"அந்த விடைக்கு அந்த அரை மார்க் உண்டா?"

"தாராளமாப் பாத்தா உண்டு."

"தாராளமாப் பாக்காட்டா?"

இசக்கி தாளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"கொண்டா."

"நானே பாத்துக்கிடுதேன் டீச்சர். நீங்க சும்மா கையெழுத்து மட்டும்..."

"கொண்டான்னா கொண்டால!"

கொடுத்தான். டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். காலிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. கோட்டைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இசக்கிக்கும் தெரிந்தது.

வாசலில் முகாம் அலுவலர் எட்டிப் பார்த்தார். "இயற்பியல் கட்டு எங்க? வண்டி நிக்குது."

"வருது சார்" என்றார் டீச்சர். அலுவலர் போனதும் அடுத்த பக்கத்தைத் திருப்பி இசக்கி பக்கம் நகர்த்தினார்.

"வாசி."

"டீச்சர், வேண்டாம்."

"வாசிடா."

வாசித்தான். மின்தேக்கி பற்றிய விடை. சாய்ந்த கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடியது.

"அஞ்சுக்கு எத்தனை?"

"நாலு."

"ஏன் நாலு?"

"படத்துல அம்புக்குறி விட்டுப்போச்சு."

"விடைக்குறிப்புல அம்புக்குறிக்கு மார்க் உண்டா?"

"இல்ல."

"பின்ன?"

"அஞ்சு."

அடுத்த விடை ஒரு கணக்கு. முடிந்ததும் இசக்கி நாலரை என்றான்.

"அலகு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு அந்த அரை? அதையும் கூடப் போடாத."

"நாலு."

மூன்றாவது விடை பாதியில் நின்றிருந்தது. மூன்றுக்கு இரண்டு. டீச்சர் தலையாட்டினார்.

"கூட்டு."

"பதினொண்ணு" என்றான். பத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளை பாஸ் மட்டுமில்லை, தாண்டி ஏழு மார்க் மேலே போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவனுக்கு அழுகைதான் வந்தது.

"டீச்சர், முதல்ல திருத்தும்போது நீங்க கண் ஆபரேஷன் முடிஞ்ச கையோட வந்திருந்தீங்க. எழுதிக் குடுத்தா கேப்பாங்க."

"அது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"பாஸானாப் போதும்னுதான் அது இருக்கும். அதுக்கப்புறம் எதுக்கு நோண்டப் போகுது?"

"விடைத்தாள் நகல் வாங்கிப் பாத்துட்டுத்தான எழுதிப் போட்டிருக்கு? இந்தப் பக்கத்தை யாரும் படிக்கலன்னு அதுக்கு நல்லாத் தெரியும். பாஸ் போடுங்கன்னு கேக்கல. படிச்சுப் பாருங்கன்னு கேட்டிருக்கு."

இசக்கிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டீச்சர் மேலா, அந்தப் பிள்ளை மேலா, அவனுக்கே புரியவில்லை.

"காலமெல்லாம் திருத்துனீங்களே, அதுக்கு இதுவா மரியாதை? ஒரு பக்கம் டீச்சர்! ஒரே ஒரு பக்கம்!"

"அந்தப் பிள்ளைக்கும் ஒரே ஒரு பக்கந்தான்."

வாசலில் மறுபடியும் செருப்புச் சத்தம் கேட்டது. "டீச்சர், கட்டு?"

"ரெண்டு நிமிஷம் சார்."

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். இசக்கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"என்னால முடியாது டீச்சர். உங்களுக்கு எதிரா என் கையால எழுத மாட்டேன்."

டீச்சர் எழுந்து வந்தார். அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, விரல்களைப் பிரித்து, பேனாவை வைத்தார்.

"அந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கு. தப்பு விட்டது நான். என் பேப்பரைத் திருத்து, இசக்கி."